பளபளத்த அண்டாவும் நாற்பத்தொரு டிகிரியும்

பெரும்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மணிமொழிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், இந்த வாரம்தான் அதை மனசாரச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு நீ போனில் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வேலைக்கு ஓடிவிட்டாய், அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. உன்னோடு வேலை செய்கிற ஏஞ்சல் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மலேசியாவுக்கு, ஜொகூருக்குத் திரும்பி வருகிறாளாம், அவளிடம் இந்தக் கடிதத்தையும் கருவாட்டையும் கொடுத்தனுப்புகிறேன்.

நாங்கள் ஐந்து பேர் சமைக்கிற அடையாறு ஆபீஸ் கேன்டீனுக்கு கிஷோர் என்று ஒரு சோதனைக்காரன் வந்தான் அல்லவா, அவன் முதல் இரண்டு நாளும் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே அதுபோல சூடு பார்க்கிற ஒரு துப்பாக்கியைச் சாம்பார் அண்டாவின் வெளிப்பக்கத்தில் காட்டுவான். நாற்பத்தொன்று என்று வரும். அறுபதுக்குக் கீழே இருந்தால் பரிமாறக் கூடாதாம். இரண்டு நாள் கொதிக்கக் கொதிக்க இறக்கிய சாம்பாரைச் சாக்கடையில் ஊற்ற வைத்தான், மூன்றாம் நாளும் இப்படியானால் ஐந்து பேருக்கும் வேலை கிடையாது என்றான். எங்களோடு சமைக்கிற தேசம்மா விடவில்லை, “அண்டா மேல கைய வையி நைனா, கொப்புளம் வர்லன்னா நாங்களே பூடுறோம்” என்றாள். “மெஷின் பொய் சொல்லாதுக்கா” என்று சிரித்தான். நம்மை ஆற்றோரக் குப்பத்திலிருந்து கிளப்பி இங்கே கொண்டுவந்து போட்டபோதும் இப்படித்தான் ஒருத்தன் வாசலில் நின்றே வீட்டை அளந்தான், உள்ளே வரவில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி போனில் நீ கேட்டது ஒரே கேள்வி, அண்டா பளபளவென்று இருக்குமா என்று. எனக்குக் கோபம்தான் வந்தது. குப்பத்துப் பெண்கள் என்றால் அழுக்கு என்று எவனும் சொல்லக் கூடாது என்றுதானே புளியும் சாம்பலும் போட்டு முகம் தெரிகிற மாதிரி தேய்க்கிறோம்? அந்தப் பளபளப்புதான் வினை என்று நீ சொன்னாய். கண்ணாடி மாதிரி அது தன் சூட்டைக் காட்டாமல் சுற்றியுள்ள சுவரின் சூட்டையே காட்டுமாம். தினமும் தொழிற்சாலையில் இரும்பு அச்சுகளின் சூட்டை அளக்கிறவள் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

மறுநாள் நீ சொன்னபடியே கறுப்பு டேப்பில் இரண்டு விரல் அகலம் அண்டாவில் ஒட்டி, அதுவும் சூடேறட்டும் என்று பத்து நிமிஷம் பொறுத்தோம். “மூக்க அப்பால மூடிக்கலாம், கிட்ட வா நைனா” என்று தேசம்மா அவனை உள்ளே இழுத்தாள். ஒரு சாண் தூரத்தில் வைத்துக் காட்டினான், டேப்பில் எண்பத்துமூன்று, அதை ஒட்டினாற்போல் டேப் இல்லாத இடத்தில் நாற்பத்திரண்டு. சாம்பாரைக் கிளறிவிட்டு, ஆவி மறைக்காமல் பக்கவாட்டிலிருந்து சாம்பார் மேலேயே காட்டச் சொன்னேன், எண்பத்தைந்து. மூன்று தடவை பார்த்தான். “சாரிக்கா” என்றான். அன்றைக்கு எல்லோரும் எங்கள் சாம்பாரைச் சாப்பிட்டார்கள், எங்கள் வேலையும் தப்பியது. கொப்புளத்தை நம்பாதவன் டேப்பை நம்பினான், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை, ஆனாலும் இரண்டு ராத்திரிக்குப் பிறகு அன்றுதான் தூங்கினேன். இப்போது எல்லா அண்டாவிலும் ஒரு கறுப்புப் பட்டை இருக்கிறது, மற்ற இடத்தைப் பழையபடியே தேய்க்கிறோம்.

நீ நல்லா இரு, கண்ணு, உனக்கு ஒரு குறையும் வராது. ஒன்று மட்டும் மறக்காதே. உனக்கு உடம்பு அனலாக இருக்கிறது, ஆனால் தொழிற்சாலை வாசலில் அதே துப்பாக்கியை நெற்றியில் காட்டி ஜுரம் இல்லை என்று வேலைக்கு அனுப்பினார்கள் என்று அன்றைக்குப் போனில் சொன்னாயே, ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கின நெற்றி வேறென்ன காட்டும்? இனி அப்படி இருந்தால் தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்துப் பார். எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நீதான்.

உன் அம்மா,
தேவானை