பக்கத்துக் காட்டுச் செடிகளை வெட்டினது நான்தான்

உ
துடியலூர்,
10-5-96.

கண்ணு திருமலைசாமிக்கு, அம்மா ராசாத்தாள் எழுதறது. நானும் மாடு ரெண்டும் இங்க ஒரு குறையுமில்லாம இருக்கோம். நீயும் கீதா அம்மணியும் பிரியா பாப்பாவும் காய்ச்சல் தலைவலின்னு படுக்காம இருக்கோணும்னு தெனமும் வெளக்குப் பத்தவெக்கறப்ப சொல்லிட்டுத்தான் இருக்கேன், அது சீமையில இருக்கற லீட்ஸ் வரைக்கும் வந்து சேருதோ என்னமோ. இங்க வெயில் மண்டையைப் பொளக்குது. சித்திரை முடியப் போகுது, ஒரு பொட்டு மழையில்லை, கெணத்துல ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினா அதுக்கு மேல காத்துத்தான் வருது. செவலை கன்னு போட்டிருக்கு, கெடாரிக் கன்னு. சீம்பால் காய்ச்சினேன், ஒத்தையாளு எவ்வளவு திங்கறது, மீதியை நம்ம காட்டைக் குத்தகைக்கு ஓட்டற மாசாணம் ஊட்டுக்குச் சொம்போட குடுத்தனுப்பிப்போட்டேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்குது, நல்லெண்ணெய் தேச்சுக் குளிக்கச் சொன்னேனே, குளிக்கறயா இல்ல அந்தக் கொழாய்க்கடியில நின்னுட்டு ஓடிர்றயா.

உன் கடுதாசி செவ்வாக்கிழமை வந்துச்சு. கண்ணாடியைப் போட்டுட்டு மூணு தடவை படிச்சேன். பக்கத்து ஊட்டு ராமாமணி டீச்சர் எட்டிப் பார்த்து பையன் என்ன எழுதியிருக்கறான்னு கேட்டாங்க, எல்லாரும் சொகமாம்னு சொல்லிப்போட்டு உள்ள வந்து கதவைச் சாத்திட்டேன். உங்க தோட்டத்துல பக்கத்துத் துண்டு வெச்சிருக்கற பெரியவர் எர்னஸ்ட்டு, அவரோட சம்சாரம் செத்துப்போறதுக்கு முன்னால நட்டு வளர்த்த பதினோரு பழச்செடியையும் பனி பேஞ்ச நாள்ல யாரோ தரையோட வெட்டி, கத்தை கத்தையாக் கட்டி, அவரோட கதவு முன்னாலயே நக்கல் பண்ணற மாதிரி அடுக்கி வெச்சுட்டுப் போயிட்டாங்கன்னு எழுதியிருக்கறே. பழுப்புக் கோட்டும் குல்லாயும் போட்ட நம்ம நெறத்து ஆள் ஒருத்தர் வெட்டிட்டிருந்ததை ரோட்டுல போன ஒரு பொம்பளை பார்த்ததா இப்பத்தான் வந்து சொன்னாளாம், அது நீதான்னு அவர் அந்தத் தோட்டத்துக் கமிட்டிக்கு எழுதிக் குடுத்துட்டாராம். ஆறு வருசமா அண்ணந்தம்பியாட்டப் பழகினவர் கடைசியில நம்ம தோலைத்தான் பார்த்தாருன்னு எழுதியிருக்கறே. நீயும் அவர் வயசைக்கூடப் பாக்காம வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிப்போட்டயாம். ஜூன் ரெண்டாந்தேதி கமிட்டி கூடறதுக்கு முன்னாலயே தோட்டத்தை எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்துருவேன், இனிமே அந்தாளு மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு முடிச்சிருக்கறே.

சாமி, வெட்டினது நான்தான். அந்தக் கோட்டு உன் கோட்டு, அந்தக் குல்லாய் உங்கய்யனோட குரங்குக் குல்லாய், அதுக்குள்ள இருந்தது உங்கம்மா. போன்ல சொல்லிரலாம்னு புதன்கிழமை பூத்து வரைக்கும் போனேன், கண்ணாடிக் கூண்டுக்கு வெளிய நாலு பேர் காதைத் தீட்டிட்டு நிக்கறாங்க, நம்பரைக்கூடச் சொல்லாம திரும்பி வந்துட்டேன். அதனாலதான் இத்தனை காகிதத்தையும் எடுத்து வெச்சுட்டு உக்காந்திருக்கேன். நடுவுல கோவம் வந்தாலும் மடிச்சு வெச்சுராம முழுசாப் படிச்சுப்போடு.

நான் அங்க உங்ககூட மூணு மாசம் இருந்தப்ப, மார்கழி பொறந்ததும் நீ என்னைக் கூட்டிட்டுப் போய் அம்மா இதுதான் நம்ம காடுன்னு காட்டினயே ஞாபகம் இருக்குதா. அந்த ஊர் முனிசிபாலிட்டி, மண்ணில்லாத ஊட்டுக்காரங்களுக்குத் துண்டு துண்டாப் பிரிச்சு வாடகைக்கு விட்ட எடம், ஆளுக்கு ஆறு சென்ட்டு. இதா காடு, நம்ம மாடு கட்டற கட்டுத்தரையே இதைவிடப் பெருசாச்சேன்னு சொல்லிச் சிரிச்சேன், நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே. அன்னிக்குச் சிரிச்சேனே தவிர அந்த எடம் மனசுலயே நின்னுபோச்சு. ஏன்னா ஊட்டுக்குள்ள எனக்கு என்ன இருந்துச்சு சொல்லு. நீ இருட்டோட போறே, கீதா அம்மணி ஆஸ்பத்திரிக்குப் போகுது, பாப்பா பள்ளிக்கூடம் போகுது, எல்லாரும் இருட்டுனதுக்கப்பறம் வர்றீங்க. சன்னல்ல நின்னா ரோட்டுல ஒரு நாய்கூடத் தனியா வராது, அதையும் ஒருத்தர் கயித்துல புடிச்சுட்டுத்தான் வருவாங்க. ஒரு நாள் பொழுதோட நீ வந்து சாப்புட்டயாம்மான்னு கேட்டே, எனக்குச் சட்டுனு சத்தமே வரல. வெடியால இருந்து ஒரு சொல்லுகூடப் பேசலைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. இதை உன்கிட்டச் சொன்னா நீ வேலைக்கு லீவு போட்டுட்டு உக்காருவயேன்னு சொல்லல.

தனியாப் போகாதே, ஐஸ் வழுக்கும், இடுப்பு ஒடைஞ்சா என்ன பண்றதுன்னு நீ தெனமும் சொல்லிட்டுத்தான் போவே. நான் போனேன். உன் பழைய கோட்டை மாட்டிட்டு, சீலையைத் தூக்கிச் சொருகிட்டு, கீதாவோட பூட்ஸைப் போட்டுட்டு, செவப்புத் தபால் பொட்டி பக்கத்துல திரும்பி, பாலத்தைத் தாண்டினா வந்துருதுல்ல. மொத நாள் போனப்ப வரப்பும் தெரியல வழியும் தெரியல, கம்பி வேலிக்கு அக்கட்டால இக்கட்டால எல்லாம் ஒரே வெள்ளை. அத்தனை பேர் தோட்டம், ஒரு ஆளைக் காணோம், ஒரு குருவி கத்தல. முட்டைக்கோஸ் மேல ஒரு சாண் பனி ஒக்காந்திருக்குது. நம்ம துண்டு எதுன்னு நீ நட்ட நீலப் பலகையை வெச்சுத்தான் கண்டுபுடிச்சேன். அங்க நின்னு நல்லா அழுதேன் கண்ணு. எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியல.

அப்பத்தான் பக்கத்துத் துண்டுல சாமான் வெக்கற சின்னச் சாளையில பொகை வந்துச்சு. எர்னஸ்ட்டு கதவைத் தெறந்து பார்த்துட்டு, கம், கம்முன்னு கையை ஆட்டிக் கூப்பிட்டார். உள்ள ஒரு தகர அடுப்பு, ரெண்டு நாற்காலி. ஒண்ணைத் தொடைச்சு என்னை உக்கார வெச்சு, பிளாஸ்க்குல இருந்து டீ ஊத்திக் குடுத்தார். வாயில வெக்க முடியாத டீ, சூடா இருந்துச்சு, குடிச்சேன். சம்சாரத்தோட போட்டோவைக் காட்டி மேல கையைக் காட்டினார். நானும் என் வெறுங்கழுத்தைக் காட்டி, மேல கையைக் காட்டினேன். புரிஞ்சுக்கிட்டார். அதுக்கப்பறம் ஏழெட்டுத் தடவை போயிருப்பேன், பையன்கிட்டச் சொல்லாதீங்கன்னு உதட்டுல வெரலை வெச்சுக் காட்டினேன், அவரும் சொல்லல போலிருக்குது. அவர் அவரோட பாஷையில பேசுவார், நான் மாடு, கெணறு, உங்கய்யனுக்கு நெஞ்சு வலி வந்த நாளுன்னு நம்ம பாஷையில பேசுவேன். ஒருத்தர் பேசி முடிக்கற வரைக்கும் இன்னொருத்தர் பேச மாட்டோம். ரொட்டியில கருப்பா ஒரு பழக்கூழு தடவிக் குடுப்பார், புளிப்பும் இனிப்புமா இருக்கும். அது இந்தச் செடியோட பழந்தான்னு உன் கடுதாசியைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஊருக்குத் திரும்ப ஒரு சனிக்கிழமை எனக்குப் பிளேனு. அதுக்கு முந்தின புதன்கிழமை சொல்லிட்டு வரலாம்னு போனேன். பனி மறுபடி கொட்டியிருந்துச்சு. சாளை பூட்டியிருக்குது, பொகையில்லை, பொழுது சாய்ஞ்சா வருவாரோன்னு சுத்திச் சுத்தி வந்தேன். அவர் துண்டுல அந்தப் பதினோரு செடியும் ஒரு இலையில்லாம, காஞ்ச குச்சியா வரிசையா நிக்குது. நம்மூர்ல பஞ்செடுத்து முடிஞ்ச பருத்திமார் புடுங்காம நின்னா அந்த ஊட்டுல ஆளுக்குச் சீக்கோ எழவோன்னுதானே கேப்போம். பாவம் பொண்டாட்டி போனதுல இருந்து மனுசன் கையொடிஞ்சு கெடக்கறார்னு நெனைச்சேன். உங்கய்யன் தவறின வருசம் பக்கத்துக் காட்டு அங்கப்பண்ணன் என்ன பண்ணினாருன்னு உனக்குத் தெரியாது, நீ காரியம் முடிஞ்சதும் பிளேன் ஏறிட்டே. நான் பதினாறு நாளா ஊட்டை விட்டு வெளிய வரல. வந்து பார்த்தா சோளத்தட்டெல்லாம் அறுத்துக் கட்டி அடுக்கி, காடு ஓட்டிக் கெடக்குது. ஒரு வார்த்தை கேக்கல, செஞ்சேன்னும் சொல்லல. அன்னிக்கு வரப்புல ஒக்காந்து அழுதது உங்கய்யனுக்கு அழுததைவிடக் கொஞ்சம் நெஞ்சு லேசா இருந்துச்சு. அதையே இந்தப் பெரியவருக்கு நான் செஞ்சுட்டுப் போயிரலாம்னு தோணிப்போச்சு.

நம்ம துண்டுல இருக்கற சாளையோட பூட்டுத் தெறப்பை நீ செங்கலுக்கடியில வெக்கறதைப் பார்த்திருக்கேன். மம்முட்டியை எடுத்துப் போட்டா மண்ணு பாறையாட்டம் டங்குங்குது, வேரோட வரல. அப்பறம் அந்த நீளக் கைப்புடி வெச்ச கத்திரியால ஒவ்வொண்ணா தரையோட நறுக்கினேன். இப்ப ஒண்ணு சொல்றேன், இதை யார்கிட்டயும் சொல்லாம இருந்துரலாம்னுதான் நெனைச்சேன். நாலாவது செடியை நறுக்கறப்ப உள்ள பச்சை தெரிஞ்சுது. நல்லாத் தெரிஞ்சுது. ஏதோ பனி ஈரம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அம்பது வருசமாக் காட்டுல நின்னவளுக்கு ஈரமும் பச்சையும் தெரியாதா. தெரியும் சாமி. நிறுத்தினா வேலை போயிரும், மறுபடி அந்தச் சன்னலுக்குத் திரும்பிப் போகோணும்னு இருந்துச்சு. மூணு மாசத்துல அன்னிக்குத்தான் என் கைக்கு ஒரு வேலை கெடைச்சுது. அதுக்காக மீதி ஏழையும் வெட்டினேன். வெட்டி, அவரோட அடுப்புக்கு ஆகட்டும்னு பருத்திமார் கட்டற மாதிரியே ஆறு கத்தையாக் கட்டி, பனியைத் தள்ளிட்டு, அவர் கதவோரமா அடுக்கி வெச்சேன். நக்கலுக்கு வெச்சதுன்னு நெனைச்சாரே, அதுதான் என்னைத் தின்னுட்டிருக்குது.

அன்னிக்கு ஊட்டுக்கு வந்து கோட்டைக் காய வெச்சு, கத்திரிக்காய்க் கொழம்பு வெச்சேன். நீ கூட இன்னிக்கு என்னம்மா மூஞ்சி தெளிச்சியா இருக்குதுன்னு கேட்டே, ஊருக்குப் போறேனல்லன்னு சொன்னேன். அது பொய் கண்ணு, உன்னை விட்டுட்டு வர்றதுக்கு எனக்கு என்ன சந்தோசம்.

இப்ப நீ என்ன பண்ணறேன்னா, இந்தக் கடுதாசியை எடுத்துட்டு நேரா அவரோட ஊட்டுக்குப் போ. கமிட்டி வரைக்கும் வெக்காதே. இதை ஒரு வரி விடாம அவரோட பாஷையில படிச்சுக் காட்டு, பச்சை தெரிஞ்ச எடத்தையும் படி. வயசான அம்மா, ஒண்ணும் தெரியாம பண்ணிப்போட்டாங்கன்னு நீயாச் சேத்துச் சொல்லாதே. அம்மாவைக் காட்டிக் குடுக்கறதான்னு நெனைச்சு நீயே பழியை ஏத்துக்கிட்டு வெளிய வந்துருவே, உன் கொணம் எனக்குத் தெரியாதா. அப்படிப் பண்ணினே, எனக்கு நீ கொள்ளி வெக்க வரவேண்டாம். அந்த மனுசன் நம்ம தோலைப் பார்த்து சந்தேகப்படல சாமி, அந்தப் பொம்பளை சொன்ன உன் கோட்டைத்தான் பார்த்தார். அவர் மேல நீ வெச்ச குத்தத்தை நீ எடுத்துரு, உன் மேல அவர் வெச்ச குத்தத்தை நான் எடுத்துக்கறேன். நீ பேசின பேச்சுக்கு மன்னிப்புக் கேளு. உங்கம்மாவை அந்த ஊர்ல உள்ள வாங்கன்னு கூப்பிட்டவர் அவர் ஒருத்தர்தான். உன் ஊட்டுல நான் உள்ளயேதான் இருந்தேன், அதனால யாரும் கூப்பிட வேண்டியதில்ல, அதை நான் குத்தமாச் சொல்லல.

செடியோட வேரை நான் தொடல, தொட முடியல. குனிஞ்சு ஒவ்வொரு கட்டையா துளுத்திருக்குதான்னு பாரு, நகத்துல கீறிப் பாரு. துளுத்திருந்தா துளுத்துதுன்னு எழுது, செத்திருந்தா செத்துதுன்னு எழுது, என் மனசுக்காக மாத்தி எழுதாதே. அதே செடி அங்க நாத்து கெடைச்சா வாங்கி நட்டுக் குடு, அது அவரோட சம்சாரம் நட்டது ஆகாதுதான், இருந்தாலும் குடு.

கீதா அம்மணியை இது விஷயமா ஒண்ணும் சொல்லாதே, பாவம் அதுக்கு ஒண்ணும் தெரியாது, பூட்ஸு ஈரமா இருந்ததை மட்டும் ஒரு தடவை கேட்டுது. பாப்பாவை வாரத்துக்கு ஒரு பக்கமாவது தமிழ் எழுத வெய்யி. பழனியாண்டவர் புண்ணியத்துல மூணு பேரும் நோய் நொடியில்லாம நூறு வருசம் இருக்கோணும், உன் கையில தொட்டதெல்லாம் துளுக்கோணும். ஜூன் ரெண்டாந்தேதியை மறந்துராதே, அதுக்கு முன்னாலயே போயிரு. போயிட்டு வந்ததும் அவர் என்ன சொன்னாருன்னு எனக்கு எழுது. திட்டினாலும் பரவால்ல, திட்டினதை ஒரு சொல்லு கொறைக்காம அப்படியே எழுது சாமி. உங்கம்மாகிட்டச் சொல்லுன்னு ஒரு மனுசர் சொல்லியனுப்பற பேச்சு எனக்கு வந்து ரொம்ப நாளாச்சு.

இப்படிக்கு,
உன்னைப் பெத்தவ,
ராசாத்தாள்