மலைக்காரர் பாஷை பேசிய ஜெனரல்

தம்பி, நேற்று உன் மனைவி ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே பாச்சை உருண்டை நாற்றம். அட்டையில் உன் ரஷ்ய ஜெனரல், முறுக்கிய மீசையும் மார்பு நிறையப் பதக்கமுமாக. "அவரு ஞாபகமா வெச்சிக்கங்கக்கா" என்றாள். அவள் மேல் எனக்கென்ன கோபம்? வாங்கிக்கொண்டேன். அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான பாலகாட் லைனில் பக்கத்துப் பக்கத்து வீடு நமக்கு. குழாயடியில் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது அவன் கதையைத்தான் சொல்வாய். ஏழை வீட்டுப் பிள்ளை, சிப்பாயாகச் சேர்ந்து, ஜார் மன்னனுக்காகக் காகசஸ் மலையில் சண்டை போட்டே ஜெனரலானவன். மலைக்காரர் பாஷை அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர்கள் வீட்டில் ரொட்டி தின்பான், பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். கீழே இறங்கி வாருங்கள், நல்ல நிலம் தருகிறோம் என்பான். நம்பி இறங்கியதும் ஊரைக் கொளுத்துவான். மன்னன் அவனைக் கூப்பிட்டு இன்னொரு பதக்கம் குத்தி, அடுத்த எல்லைக்கு அனுப்புவான்.

"இன்னாடா மனுசன் அவன்? சோறு போட்ட வூட்டையே கொளுத்துறான்?" என்று கேட்டேன்.

நீ சிரித்தாய். "பாஷை தெரியாதவன் போயிருந்தா ஒருத்தனும் எறங்கியிருக்க மாட்டான்க்கா. அதுக்குத்தான் அவனை அனுப்புனாங்க."

தெரிந்தேதானே செய்தாய்! சுரங்கம் மூடிய பிறகு லைன் வீடுகளைக் காலி செய்யச் சொல்லி ஜீப்பில் வந்த கம்பெனி ஆபீசர்களை நாங்கள் விரட்டியடித்தோம். அப்புறம் உன்னை அனுப்பினார்கள். என் வீட்டில் உட்கார்ந்து களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டாய். "நான் கீறேன்க்கா. புது வூடு கட்டித் தருவாங்க, பயப்படாதீங்க" என்றாய். உன்னை நம்பிச் சாவியைக் கொடுத்தேன். சில நாளில் ஜேசிபி வந்து லைனையே தரைமட்டமாக்கியது. உனக்கு அவர்களிடமே சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. எங்களுக்குப் புது வீடு இன்றுவரை வரவில்லை.

செத்தவனைத் திட்டக் கூடாது என்கிறார்கள். திட்டுவேன். உயிரோடு இருந்தபோது சந்தையில் மறித்துக் கேட்டேனே, புது வீடு எங்கேடா என்று! தலையைக் குனிந்துகொண்டு போனாய். உன் சாவுக்கு நான் வரவில்லை, அதற்காக வருத்தமும் இல்லை.

இப்போது ஆண்டர்சன்பேட்டையில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். இன்று காலை எவனோ கதவைத் தட்டி, "இன்னாக்கா, நல்லாகீறீங்களா?" என்றான். அப்படியே நம்ம லைன் பேச்சு. உன்னை மாதிரியே இன்னொருத்தனை அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். "போடா அந்தாண்ட!" என்று கத்திக் கதவை அறைந்து சாத்தினேன்.

பாவம், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன்.