முப்பதுக்கு ஒன்று கம்மி

பாய்,

இன்று காலை என் மகள் தனத்தை அழைத்துவரக் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ரயில் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. பிளாட்பாரத்தின் கோடியில் பதனிட்ட தோல் கட்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அந்த ஆவாரம்பட்டை வாசனை வேறு எதற்கு உண்டு? பேரணாம்பட்டை விட்டு வேலூருக்கு வந்து பத்து வருஷமாகிறது, என் மூக்கு இன்னும் அதை மறக்கவில்லை. கட்டுகளுக்கு நடுவே ஒருவர் நின்று உருதுவில் உரக்க எண்ணிக்கொண்டிருந்தார். சத்தாயீஸ், அட்டாயீஸ், உன்தீஸ். மூன்றாவது எண்ணைக் கேட்டதும் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

தோல் ஷாப் முதலாளிக்காக இருபத்தைந்து வருஷம் கடிதம் எழுதியவன் நான். சென்னைக்கும் பம்பாய்க்கும் எத்தனையோ எழுதினேன், என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு யார் எழுதியது என்று கேட்டவர்கள் உண்டு. உங்களுக்கு மட்டும் ஒரு வரி எழுதியதில்லை. உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். இப்போது மட்டும் படிக்கவா போகிறீர்கள்? நீங்கள் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருந்தாலும் இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

சீமையில் சண்டை தொடங்கிய வருஷம் அது. பட்டாளத்துக்குப் பூட்ஸ் வேண்டுமென்று தோல் பதனிடும் நம் ஷாப்பில் வேலை இரட்டிப்பானது. தனத்துக்கு ஆறு வயது. நாலு வயதில் வந்த காய்ச்சலில் அவள் இடது கால் சூம்பிப் போயிருந்தது. பள்ளிக்கூடம் ஊரின் மறுகோடியில் இருந்தது, தினம் தூக்கிக்கொண்டு போய் விட ஆளில்லை. நானே சொல்லிக்கொடுத்தால் ஆயிற்று என்று சிலேட்டும் பலப்பமும் வாங்கி வந்தேன். படித்தவன் வீட்டில் வாத்தியார் எதற்கு என்ற திமிரும் கொஞ்சம் இருந்தது.

முதலாளி எனக்குக் கொடுத்திருந்த வீடு ஷாப்பை ஒட்டியது. ஜன்னலைத் திறந்தால் நீங்கள் தோல்களைத் தரம் பார்த்து எண்ணிப் போடும் கொட்டகை. நடக்க முடியாத பெண் நாள் முழுக்க அந்த ஜன்னலில்தான் உட்கார்ந்திருப்பாள். நான் சிலேட்டு வாங்குவதற்கு முன்பே உங்கள் குரலைக் கேட்டுக் கேட்டு உருதுவில் நூறு வரை எண்ணப் பழகியிருந்தாள். வேண்டுமென்றே ஓர் எண்ணை விழுங்கிவிட்டு நீங்கள் நிறுத்துவீர்கள். அவள் ஜன்னலிலிருந்து அதைக் கத்துவாள். கொட்டகையே சிரிக்கும்.

சிலேட்டில் பத்தொன்பது வரை பிசகில்லை, இருபத்தெட்டு வரையிலும் இல்லை. இருபத்தெட்டுக்கு அடுத்தது எழுது என்றால் 39 என்று எழுதுவாள். அதற்கப்புறம் 30. முப்பத்தெட்டுக்குப் பிறகு 49, உடனே 40. அழித்துவிட்டு எழுதச் சொன்னால் மறுபடியும் அதே. ஒரு வாரம் பொறுமையாகச் சொன்னேன். அடுத்த வாரம் சத்தம் போட்டேன். மற்றதெல்லாம் சரியாக எழுதுகிறவள் அந்த இடத்தில் மட்டும் தப்பு செய்தால் அது பிடிவாதம்தானே என்று முடிவு கட்டினேன். மூன்றாவது வாரம் ரூல்தடியை எடுத்தேன். அவள் அம்மா சமையலறையிலிருந்து வந்து வந்து பார்த்துவிட்டுப் போவாள். குழந்தையின் உள்ளங்கையில் தடியின் தடம் சிவந்து கிடந்தது. இந்தப் பெண்ணுக்குக் காலோடு புத்தியும் போய்விட்டதோ என்று ஒருநாள் அவள் காதுபடவே சொன்னேன், பாய். அதையும் எழுதிவிடுகிறேன்.

முதலாளி கூப்பிடுகிறார் என்று சொல்ல நீங்கள் வீட்டுக்குள் வந்தது அப்போதுதான். தனம் சிலேட்டின் முன்னால் அழுதுகொண்டே எழுதிக்கொண்டிருந்தாள். நீங்கள் வாசலிலேயே நின்றீர்கள். அவள் உதடு அசைவதைப் பார்த்தீர்கள். மூன்று வாரமாக அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த நான் பார்த்தது சிலேட்டை மட்டும்தான். நீங்கள் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சத்தமாகச் சொல்லு பாப்பா என்றீர்கள். அட்டாயீஸ், உன்தீஸ், தீஸ் என்றாள்.

"கொழந்த மனசுக்குள்ள எங்க கணக்குல எண்ணுது, ரைட்டரே" என்றீர்கள். "அட்தீஸ்னா முப்பத்தெட்டு. அப்ப உன்தீஸ்னா முப்பத்தொம்போதுன்னு நெனச்சிக்கிச்சி. அது நெனச்சதுல இன்னா தப்பு?"

பிறகு வெளியே போய்ப் பட்டைத் துண்டுகள் முப்பது பொறுக்கி வந்து தரையில் பரப்பினீர்கள். அவளையே ஒன்றை எடுக்கச் சொன்னீர்கள். தீஸ் என்றால் முப்பது, ‘உன்’ என்றால் ஒன்று கம்மி, உன்தீஸ் என்றால் முப்பது ஆவதற்கு ஒன்று கம்மி என்று அவளிடம் சொன்னீர்கள். தனம் மிச்சத்தைத் தமிழில் எண்ணினாள். இருபத்தொன்பதில் நின்றாள். கொஞ்ச நேரம் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவள், நான் சொல்லாமலேயே சிலேட்டில் 39-ஐ அழித்தாள்.

அதோடு நீங்கள் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அவள் பலப்பம் பிடித்திருந்த கையைத் திருப்பிப் பார்த்தீர்கள்.

"தோல்ல ஒரு கீறல் இருந்தாலே நாங்க தனியா எடுத்து வெச்சிடுவோம்" என்று என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள். "இது கொழந்த கை, ரைட்டரே."

என் மனைவி கதவருகில் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சொல்ல நினைத்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்பது அதில் தெரிந்தது. ரூல்தடியை அன்றே பரண்மேல் போட்டேன். ஆனால் உங்கள்மேல் ஏற்பட்ட கோபத்தை எங்கும் போட முடியவில்லை. தினமும் மத்தியானத் தொழுகை முடிந்ததும் கால்மணி நேரம் வந்து அவளோடு பட்டைத் துண்டுகளை வைத்து விளையாடுவீர்கள். அவள் சிரிப்பது எனக்கு ஆபீஸ் அறை வரை கேட்கும். ஒரு எழுத்தும் தெரியாத மனிதர் என் வீட்டுக்குள் வந்து என்னை முட்டாளாக்கிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. முன்பெல்லாம் நாம் ஒன்றாக டீ குடிப்போம், ஆள் இல்லாத சமயத்தில் என்னைத் தோஸ்த் என்று கூப்பிடுவீர்கள். அதற்கப்புறம் நான் டீக்கு வரவில்லை. உங்களுக்குக் காரணம் புரிந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். ராணிப்பேட்டையில் எடுத்த புதிய ஷாப்பில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும், யாரை அனுப்பலாம் என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. உங்கள் பெயரைச் சொன்னேன். நிழலில் உட்கார்ந்து தோல் எண்ணியவர், மழைக்காலம் வந்தால் இருமுகிறவர், சுண்ணாம்புத் தண்ணீரில் நாளெல்லாம் நிற்க முடியாதவர் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

போவதற்கு முன் விடைபெற வந்தீர்கள். நாம் நின்றது அந்த ஜன்னலுக்கு வெளியே. நீங்கள் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் என்னால் சொல்ல முடியும். "முதலாளி சொன்னாரு, ரைட்டர்தான் உன் பேரச் சொன்னாருன்னு. நல்லதுன்னுதான் சொல்லியிருப்பீங்க. பாப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன்."

தனம் தூங்குகிறாள் என்றேன். சரி, எழுப்ப வேணாம் என்று போய்விட்டீர்கள். நல்லதுக்குத்தான் என்று நீங்கள் உண்மையிலேயே நம்பினீர்களா, இல்லை என்னைக் குத்திக்காட்டினீர்களா? இத்தனை வருஷம் யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. நம்பியிருந்தால்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

பாய் மாமா எங்கே என்று தனம் ஒரே ஒரு தடவை கேட்டாள். அவராகவே வேறு வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றேன். அப்புறம் அவள் கேட்கவில்லை. கொட்டகையில் வேறொருவர் எண்ண ஆரம்பித்தார். ஜன்னலிலிருந்து யாரும் கத்தவில்லை. கணக்கில் மட்டும் வெகுவேகமாக முன்னேறினாள். வாய்ப்பாடு, கழித்தல், பின்னம் எல்லாம் மளமளவென்று வந்தது. தப்பில்லாமல், சத்தமில்லாமல் எழுதிவைத்துவிட்டுச் சிலேட்டை என் பக்கம் தள்ளுவாள். என் பெண் அடக்கமாகிவிட்டாள் என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசினேன். அடுத்த வருஷ மழையில் உங்களுக்கு மார்ச்சளி கட்டி நீங்கள் போய்விட்டீர்கள் என்று ராணிப்பேட்டையிலிருந்து வந்த வண்டிக்காரர் சொன்னார். நான் அடக்கத்துக்கும் வரவில்லை, பிறகு உங்கள் வீட்டுக்கும் போகவில்லை. தனத்திடமும் சொல்லவில்லை.

இன்று ரயிலிலிருந்து இறங்கி ஊன்றுகோலை ஊன்றி வந்தவள் கட்டுகளுக்கு அருகில் நின்றுவிட்டாள். அந்த மனிதர் எண்ணி முடிக்கும் வரை நகரவில்லை. ஜட்காவில் வீட்டுக்கு வரும் வழியில், பேரணாம்பட்டில் தோல் எண்ணுகிற பாய் ஒருவர் இருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். அவர் தானாகப் போகவில்லை, நான்தான் என்று தொடங்கினேன். 

"தெரியும்பா" என்றாள். "அன்னிக்கு நான் தூங்கல. ஜன்னல் கிட்டதான் இருந்தேன்."

அவள் குரலில் கோபமில்லை.  வண்டி பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியது. பிறகு வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"அதுக்கப்புறம் உங்க முன்னாடி நான் வாய்விட்டு எண்ணினதே இல்ல. நீங்க கவனிக்கவே இல்லயா?"

வீடு வந்து சேர்ந்ததிலிருந்து அதையேதான் தேடிக்கொண்டிருக்கிறேன், பாய். அவள் பூச்சரத்துக்கு மல்லிகை எண்ணியிருக்கிறாள், பந்திக்கு இலை எண்ணியிருக்கிறாள், அவள் அம்மாவின் கடைசி நாட்களில் மருந்துச் சொட்டுகளை எண்ணிக் கொடுத்திருக்கிறாள். எல்லாம் என் கண்ணெதிரில் நடந்தவை. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். உதடு கூட அசைந்ததாக ஞாபகமில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் என் மகள் ஓர் எண்ணைச் சொல்லி நான் கேட்டதில்லை, கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. என்னிடம் மிச்சமிருப்பது ஆறு வயதில் அவள் ஜன்னலிலிருந்து கத்திய குரல் மட்டும்தான். அது உங்களுக்காகக் கத்தியது.