முதல் வரியில் உன் கையெழுத்து

ஒரகடம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள அண்ணனுக்கு இசைவாணி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஓசூர்க் குளிருக்கு நான் அனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்கிறாயா? ஊர்ப் பேச்சைப் போனில் எடுத்தால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுதும் படி.

நம் ஊர் நூலகத்தில் ஊரின் கதையைக் கண்காட்சியாக வைத்திருக்கிறோம். ஜாஸ்மின் டீச்சர் பொறுப்பு. லீவு நாளெல்லாம் நானும் கூடப் போய் ஏரித் தண்ணீர் முறை நோட்டு, பழைய போட்டோ, முதலில் வேலைக்குப் போனவர்களின் கம்பெனி அடையாள அட்டை எல்லாம் சேர்த்தேன். போன மாதம் தலையாரி வீட்டுப் பெட்டியிலிருந்து அதுவும் வந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன், கம்பெனிகளுக்கு நிலம் கொடுக்கச் சம்மதித்து ஊரார் கையெழுத்துப் போட்ட தாளின் ஜெராக்ஸ். முதல் வரியில் நீ.

நீதான் முதலில் போட்டு ஊரைக் கெடுத்தாய் என்று கோதண்டம் சித்தப்பா பஸ் ஸ்டாப்பில் கத்தியதும், மறுவாரமே நீ கிளம்பிப் போனதும் எனக்கு மறக்குமா? அந்த வரியை மட்டும் மறைத்துவிடலாம் என்று டீச்சரிடம் கெஞ்சினேன். "முதல் வரிய வெட்டிட்டா மீதிய யாரு நம்புவாங்க, இசை?" என்றுவிட்டார். ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினோம். இரண்டு நாள் சோறே இறங்கவில்லை.

நேற்றுத் திறப்பு. அண்ணா, உன் பேரை ஒருத்தர்கூடத் தேடவில்லை! எல்லாரும் அவரவர் வீட்டுக் கையெழுத்தைத்தான் தேடினார்கள். காந்திமதி சித்திதான் கூட்டத்தில் சித்தப்பாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "யோவ், கடைசியா போட்டேன்னு சொல்லிகினு இருந்தியே, ரெண்டாவது ஆளே நீதான் கீற!" சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "பேனாவே அவன் கையிலேர்ந்துதாம்மா வாங்கினேன். அவன வரச் சொல்லு" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம், ஏன் போட்டோம் என்று அவரவரே எழுத. சித்தப்பா, "கெணறு வத்திடுச்சி, பயந்துட்டேன்" என்று எழுதியிருக்கிறார். உன் சீட்டு காலி. அந்த வருடம்தான் என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தாய். அந்தச் சீட்டில் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஆனால் உன் கையெழுத்தில் பார்க்க ஆசை.

பொங்கல் வரை கண்காட்சி இருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கு, வண்டியோடு நிற்பேன். வா அண்ணா. பேனா சித்தப்பா தருவாராம்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் தங்கை,
இசைவாணி