நட்டுவைப் பிடிக்கும் விதம்

ஜூன் 4

அன்புள்ள சிட்டுவுக்கு,

போனில் என் குரலைக் கேட்கவே உனக்குப் பயமாக இருக்கிறது, சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பட்டும் என்று உன் அக்காவிடம் சொல்லி அனுப்பியிருந்தாய். நான்கு மாதமாக எழுதவில்லை. கோபம்தான், வேறென்ன. இப்போது எழுதுவதும் எனக்காக இல்லை, ஒரு பூனைக்குட்டிக்காக. சிரிக்காதே.

பழைய இரும்பு யார்டில் என் வேலை உனக்குத் தெரியும். கிரேன்காரன் பழைய காரைத் தூக்கி என் பிரஸ்ஸில் வைப்பான், நான் பட்டனை அழுத்தினால் கார் பாய் மாதிரி தட்டையாகிவிடும். அழுத்துவதற்கு முன்னால் இரும்புக் கம்பியால் கதவில் மூன்று தட்டு தட்ட வேண்டும். உள்ளே எலியோ பூனையோ இருந்தால் ஓடிவிடும். பத்து வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அதைத் தவறவிட்டதில்லை. திங்கட்கிழமை தட்டவில்லை. அன்றைக்குக் காலையில்தான் உன் வக்கீலின் விவாகரத்து நோட்டீஸ் கைக்கு வந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற மனுஷனுக்கு வேறு எது நினைவிருக்கும்?

தகடு இறங்கும்போது ஒரு சத்தம் கேட்டது. இரும்புச் சத்தம் இல்லை. நான் நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பின் சீட்டுக்கு அடியில் தாய்ப் பூனையும் மூன்று குட்டிகளும். என்ன மிச்சமிருந்தது என்று எழுத மாட்டேன், தண்ணீரைப் பீய்ச்சித்தான் கழுவினோம். நாலாவது குட்டி மட்டும் கதவு இடுக்கு வழியாக வெளியே விழுந்து கிடந்தது. கண்கூடத் திறக்கவில்லை. என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

கிரேன்காரன் இறங்கி வந்து, "அதையும் உள்ள போட்டு ஒரு அமுக்கு அமுக்கிடுண்ணே, தாயோட போய்ச் சேரட்டும்" என்றான். என் கையில் கம்பி இருந்தது. கம்பியால் அடிக்கவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டுக் கையால்தான் கொடுத்தேன். முன்பல் இரண்டு போச்சு, உதடு கிழிந்தது. மேஸ்திரி வந்து பிரித்துவிட்டார். ஒரு வாயில்லா ஜீவனுக்காக அடித்தேன் என்று தெரிந்தால் நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

குட்டிக்கு நட்டு என்று பேர் வைத்திருக்கிறேன். கடைப் பால் கொடுத்தேன், வயிற்றால் போகிறது. உடம்பு சில்லென்று இருக்கிறது. கண்ணில் சீழ். நீ பச்சைக் குழந்தைகள் வார்டில் இருக்கிறவள், இனிப் பிழைக்காது என்று டாக்டர்கள் கைவிட்டதையெல்லாம் பிழைக்க வைத்தவள். என்ன செய்வது என்று சீக்கிரம் எழுது.

உன்
கரடி

*

ஜூன் 7

வணக்கம்.

முதலில் குட்டி. உடம்பு சில்லென்று இருக்கும்போது பால் கொடுக்கக் கூடாது, செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, சூடு ஏறிய பிறகு கொடுங்கள். மாட்டுப் பால் வேண்டாம். கால்நடை மருந்துக் கடையில் குட்டிகளுக்கென்றே பால் பவுடர் விற்கிறார்களாம், எதிர்வீட்டில் பூனை வளர்ப்பவரிடம் கேட்டேன். ஊசி இல்லாத சிரிஞ்சில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, சொட்டுச் சொட்டாக. எங்கள் வார்டில் செய்வது போல மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள். கொடுத்து முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து அடிவயிற்றுக்குக் கீழே துடைத்துவிட வேண்டும். தாய் நக்கிவிடாமல் அதற்கு ஒன்றுக்குப் போகக்கூடத் தெரியாது. கண்ணுக்கு வேறு பஞ்சு. இதைச் சொல்லாவிட்டால் ஒரே பஞ்சில் முடித்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது கிரேன்காரர். நான் சந்தோஷப்படவில்லை. கம்பியைக் கீழே வைத்துவிட்டு அடித்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். என் மணிக்கட்டை உடைத்த அன்றைக்கும், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை ஓரமாக வைத்துவிட்டுத்தான் எழுந்து வந்தீர்கள். அந்தக் கை இன்னும் சரியாக மடங்கவில்லை.

தட்ட மறந்தது நோட்டீஸால் என்கிறீர்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாலு பூனை செத்த பாவமும் என் தலையில்தானா?

குட்டி எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதும்.

இப்படிக்கு
வார்டு நர்ஸ்

*

ஜூன் 11

அன்புள்ள சிட்டுவுக்கு,

நட்டு உயிரோடு இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நீ எழுதியபடியே எல்லாம் செய்தேன். என் சாப்பாட்டு டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டு, அதற்குள் துண்டு விரித்து, யார்டுக்குக் கொண்டு போகிறேன். பிரஸ் கேபினில் மடியில் மல்லாக்கப் போட்டுத்தான் பால் கொடுத்தேன். நேற்று மதியம் திடீரென்று மூக்கு வழியாகப் பால் வந்தது. வாய் நீலமாகிவிட்டது. மூச்சை இழுக்கிறது, வரவில்லை. பிரஸ்ஸில் கார் பாதி நசுங்கியபடி நிற்க, நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

கால்நடை டாக்டர் ஒரு அம்மா. பிடித்த பிடியில் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். "யாரு மல்லாக்கப் போட்டுக் குடுக்கச் சொன்னது? இது என்ன மனுஷக் குழந்தையா? பால் பூரா நெஞ்சுக்குள்ள போயிருக்கு." நிமோனியாவாம். பூனைக்குட்டியைக் கவிழ்த்துத்தான் பிடிக்க வேண்டுமாம், வயிறு கீழே, கழுத்தை நீட்டி, தாயிடம் குடிக்கிற மாதிரி. நான் உன் பேரைச் சொல்லவில்லை. நானாகத்தான் அப்படிச் செய்தேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை எடுத்தேன். கிழிப்பதற்குத்தான் எடுத்தேன். கிழிக்கவில்லை, மடித்து வைத்துவிட்டேன். இதை நீ நம்ப மாட்டாய்.

காலையும் மாலையும் கசப்பு மருந்து சொட்டு விட வேண்டும். கிரேன்காரன் இப்போதெல்லாம் நான் வீட்டுக்குக் கிளம்பும் வரை கிரேனை விட்டு இறங்குவதில்லை. சாப்பாடுகூட மேலேதான்.

உன்
கரடி

*

ஜூன் 15

வணக்கம்.

உங்கள் கடிதத்தை வார்டில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு மருந்து அறைக்குள் போய் அழுதேன். எத்தனையோ குழந்தைகளுக்குப் பால் புகட்டிய கை, எழுத்திலேயே ஒரு குட்டியைக் கொல்லப் பார்த்திருக்கிறது. தெரிந்த வேலை என்ற திமிர். பால் பவுடரைப் பற்றி விசாரித்த அன்றைக்கே எப்படிப் பிடிப்பது என்றும் எதிர்வீட்டில் கேட்டிருக்கலாம், எனக்குத் தெரியாதா என்று வந்துவிட்டேன். மன்னியுங்கள்.

மணிக்கட்டைப் பற்றி எழுதியதற்கு நீங்கள் கத்தி ஒரு கடிதம் எழுதுவீர்கள் என்று இரண்டு நாள் தபால் பெட்டிப் பக்கமே போகவில்லை. அக்காதான் எடுத்து வந்தாள். கிழிக்காமல் மடித்து வைத்ததை நான் நம்புகிறேனா என்று தெரியவில்லை, ஆனால் அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அக்கா, "நாய் வாலை நிமிர்த்த முடியாதுடி" என்கிறாள்.

மருந்து கொடுக்கும்போது துண்டில் சுற்றி முகம் மட்டும் வெளியே இருக்கும்படி பிடியுங்கள், பிராண்டாது. இந்தத் தடவை இங்கே ஒரு கால்நடை டாக்டரிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

கிரேன்காரரைப் போய்ப் பாருங்கள்.

சிட்டு

*

ஜூன் 20

என் சிட்டுவுக்கு,

பேர் போட்டுக் கையெழுத்து வந்ததும் எனக்குக் கால் தரையில் இல்லை. மேஸ்திரி, "என்னப்பா, பிரஸ்ஸ விட்டுட்டு நீ பறக்கற" என்கிறார்.

நட்டு கண்ணைத் திறந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அது பார்த்த முதல் முகம் என்னுடையது, பாவம். அரிசி மாதிரி பல் முளைக்கிறது. என் பூட்ஸ் மேல் ஏறப் பார்த்துக் கீழே விழுகிறது, திரும்ப ஏறுகிறது. நெஞ்சுக் கரகரப்பு மட்டும் போகவில்லை என்று டாக்டர் மருந்தை இன்னும் பத்து நாள் நீட்டியிருக்கிறார்.

கிரேன் ஏணியில் ஏறிப்போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் ஏறுவதைப் பார்த்ததும் கதவை உள்ளே பூட்டிக்கொண்டான். கண்ணாடிக்கு வெளியே நின்றே கேட்டேன். உள்ளேயிருந்தே, "பல்லு திரும்ப வருமாண்ணே?" என்றான். வராது என்றேன்.

ஒரு தடவை வந்து நட்டுவைப் பார். என்னைப் பார்க்க வேண்டாம், அதைப் பார்.

உன்
கரடி

*

ஜூன் 24

அன்புள்ள கரடிக்கு,

ஜூலை 5, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஒரு நாளைக்கு மட்டும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். பையில் ஒரு வாரத்துக்கான துணி இருக்கிறது. அவள் அதைப் பார்த்துவிட்டு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வக்கீலிடம் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

குளியலறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் மாட்டி வையுங்கள். போன தடவை நான் உள்ளே இருக்கும்போது உதைத்து உடைத்தீர்களே, அது.

சிட்டு

*

ஜூன் 29

சிட்டு,

நீ வர வேண்டாம்.

நேற்று மதியம் தாழ்ப்பாளை மாட்டி முடித்தேன். நீ வருவதற்கென்று வாங்கிய சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்து நேரம் வந்தது. துண்டில் சுற்றவில்லை, ஒரு கையாலேயே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நட்டு மருந்தைச் சட்டை மேல் துப்பியது. திரும்பவும் வாயைத் திறக்கப் பார்த்தேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கடித்துவிட்டது. அரிசிப் பல்தான். ரத்தம்கூடச் சரியாக வரவில்லை.

அப்புறம் என்ன நடந்தது என்றே தெரியவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எனக்குத் தெரியும். எல்லாம் நினைவிருக்கிறது. கழுத்தைப் பிடித்தேன். சுவர் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் எறிந்தேன்.

கீழே விழுந்த பிறகு அது கத்தவில்லை. முன்னங்கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. பக்கத்தில் போனேன். அது மற்ற மூன்று காலையும் தரையில் தேய்த்துத் தேய்த்து அலமாரிக்கு அடியில் போகப் பார்த்தது. என்னிடமிருந்து.

டாக்டரம்மா வீட்டுக் கதவைத் தட்டித் திறக்க வைத்தேன். "எப்படி அடிபட்டுது?" என்றார். "அலமாரி மேலேர்ந்து விழுந்துடுச்சு" என்றேன். வாய் தானாகச் சொன்னது, அவ்வளவு பழக்கம். "நாலு வாரக் குட்டி அலமாரி ஏறுமா?" என்று என்னையே பார்த்தார். உன் கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு, குளியலறையில் வழுக்கிவிட்டேன் என்று நீ சொன்னாய். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். உன் முகத்தில் வலியைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது, எனக்காக நீ பட்ட வெட்கம். அது நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது.

"நான்தாம்மா எறிஞ்சேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. "இத உங்ககிட்ட திருப்பித் தர மாட்டேன்" என்றார். சரி என்றேன்.

அதன்மேல் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. உன்மேல் இருக்கிற மாதிரியே இருந்தது. இருபத்தேழு நாள் தூங்காமல் பார்த்துக்கொண்டேன். நீ வந்தால் ஒரு மாதம் நன்றாக இருப்பேன், ஒருவேளை ஒரு வருஷம்கூட இருப்பேன். எந்த நாள் சுவரைத் தேடுவேன் என்று எனக்கே தெரியாது.

முடிந்தால் நட்டுவை நீ வாங்கிக்கொள். டாக்டரம்மாவிடம் உன் பேரைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கரடி

*

ஜூலை 4

வணக்கம்.

கடிதம் வந்த அன்றைக்கே லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போனேன். உங்கள் தெரு வழியாகத்தான் பஸ் போயிற்று. நான் இறங்கவில்லை.

நட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. முன்னங்காலில் கட்டு. எலும்பு கூடிவிடும், கொஞ்சம் விந்தி விந்தி நடக்கும் என்கிறார். நெஞ்சு தெளிந்துவிட்டது. கவிழ்த்துப் பிடித்துத்தான் பால் கொடுக்கிறேன், நன்றாகக் குடிக்கிறது. யாராவது கையைத் தூக்கினால் மட்டும் காதை மடக்கிக்கொண்டு தரையோடு தரையாக ஒட்டிக்கொள்கிறது. அக்கா வீட்டுக்காரர் நேற்று விளக்கைப் போடக் கையைத் தூக்கினார். நாங்கள் இரண்டு பேருமே குனிந்தோம். அந்த மனுஷன் பாவம், விளக்கைப் போடாமலே இருட்டில் உட்கார்ந்துவிட்டார்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நாலு வாரக் குட்டியை எறிந்த கையை நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது. உங்களை நினைத்து அழவும் அழுதேன். இரண்டும் போக நாளாகும்.

பையிலிருந்த துணியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். வக்கீல் கொடுத்த காகிதத்தில் இன்று காலை கையெழுத்துப் போட்டேன். உங்களுக்கும் ஒன்று வரும், போட்டு அனுப்புங்கள். என்றாவது வருவேன் என்று பஸ் நிற்குமிடத்தில் வந்து நிற்க வேண்டாம்.

கல்யாணம் ஆன ஏழு வருஷத்தில், இனிமேல் அடிக்க மாட்டேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். ஒரு தடவைகூட நான் முழுசாக நம்பியதில்லை, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தேன். இந்தக் கடிதத்தில் நீங்கள் எழுதியதை ஒரு எழுத்து விடாமல் நம்புகிறேன். அதனால்தான் வரவில்லை.

இப்படிக்கு,
நான்