டாக்டரிடம் மூன்று தடவை, அப்பாவிடம் ஒரு தடவைகூட இல்லை

மகனுக்கு அம்மா எழுதுவது. சௌக்கியமா என்று எப்போதும் கேட்பேன், இந்தத் தடவை கேட்க மனசு வரவில்லை. நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். இங்கே உன் அப்பாவுக்கு நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது, போன செவ்வாய்க்கிழமை குளியலறையில் மயங்கி விழுந்து தாடையில் மூன்று தையல். சுருங்கிப்போன இதய வால்வை இனியும் விட்டுவைக்க முடியாது, நெஞ்சைப் பிளக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வை வைத்துவிடலாம் என்று டாக்டர் வரும் வியாழக்கிழமைக்கு நாள் குறித்திருக்கிறார்.

அந்த வேலையில் நீ பெரிய ஆள், திரையைப் பார்த்து வால்வு எங்கே உட்கார வேண்டும் என்று சொல்கிறவன், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இங்கே இருக்கிற டாக்டரிடம் மூன்று தடவை போனில் மல்லுக்கு நிற்பாயா? தொண்டைக்குள் குழாய் விட்டு எக்கோ பார்த்தால்தான் துல்லியம் என்கிறாய் நீ. அதற்கு முழு மயக்கம் வேண்டும், இவர் நுரையீரல் தாங்காது, எக்ஸ்ரேயும் நெஞ்சின்மேல் வைக்கிற எக்கோவும் போதும், எக்ஸ்ரேயில் தெரிவதற்காக ரத்தத்தில் ஏற்றுகிற சாயமருந்தையும் கிட்னி கெடாமலிருக்கக் குறைத்துக்கொள்கிறேன் என்கிறார் அவர். கடைசியில் என்னிடம், உங்க பையன் சொல்றது தப்பில்லம்மா, ஆனா பேஷன்ட் பக்கத்துல நிக்கிறது நான்தானே என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அதையாவது பொறுத்துக்கொள்வேன். நேற்று அப்பாவுக்கு அவருடைய ஸ்கேனைத் திரையில் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். இதை என் பையனுக்கும் அனுப்புங்க என்று இவர் பெருமையாகச் சொல்ல, அவர் போன வாரமே பார்த்துட்டாரே, மூணு தடவை பேசினாரே என்று டாக்டர் யதார்த்தமாகச் சொல்லிவிட்டார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த அப்பா அப்படியே மூடி வைத்துவிட்டார். உள்ள பூரா பார்த்துட்டு என்கிட்ட ஒரு வார்த்தை பேசலன்னா, நான் பிழைக்க மாட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு, அப்புறம் எதுக்கு இதெல்லாம் என்கிறார். நானும் உன் தங்கையும் தலைகீழாக நின்றும் கேட்கவில்லை. படித்த படிப்பில் இது மட்டும் உனக்கு உறைக்கவில்லையா?

புதன்கிழமைக்குள் கையெழுத்து இல்லையென்றால் அந்த நாளை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் இதைத் தங்கை போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறாள். நீ நூறு வயசு நல்லா இரு, உன் பிள்ளைகளாவது உன் முகம் பார்த்துப் பேசட்டும், அதுதான் என் ஆசீர்வாதம். எனக்குப் போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். டாக்டருக்கும் பண்ணாதே. அப்பாவுக்குப் பண்ணு. அளவு, கோணம் எதுவும் வேண்டாம், நல்லாயிடும்ப்பா என்று மட்டும் சொல்லு, உன் வாயால் சொன்னால்தான் நம்புவார்.

இப்படிக்கு,
கோபம் தீராத அம்மா