வண்டி கழுவிய தண்ணீர்

9-3-1973, வெள்ளி. கும்மிடிப்பூண்டி.

அண்ணனும் அண்ணியும் குடியிருக்கும் பழைய வேனை இன்று பட்டறைக்குக் கொண்டுபோனோம். கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் அண்ணனே உள்ளே பொருத்தியவை. ஊர் ஊராகப் போய்ப் பம்ப்செட் பழுது பார்க்கிறவனுக்கு அதுதான் வீடு.

மெக்கானிக் அடியில் படுத்து இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டினார். துரு கொட்டியது.

"சேஸிஸா, அப்பளமா சார் இது? உப்புத் தண்ணியிலயா கழுவிக்கினு இருந்தீங்க?"

"சேச்சே, நல்ல தண்ணிதான். தம்பிதான் கழுவுவான்," என்றான் அண்ணன். "பழவேற்காட்டுல ஏரியோரமா நிறுத்தி வச்சேன். அந்த உப்புக் காத்து. என் தப்பு."

ஆயுத பூஜைக்கு வண்டி கழுவுவது என் பொறுப்பு. நல்ல தண்ணீருக்கு அரை மைல் நடக்க வேண்டும். வண்டி வாங்கிய நான்கு வருடமும் பக்கத்து உப்புக் கிணற்றில்தான் இறைத்தேன். அடிப்பாகம் வரை தாராளமாக ஊற்றினேன். குங்குமமும் வைத்தேன்.

இனி ஓட்டினால் நடுவில் ஒடிந்துவிடுமாம்.

அப்போதே சொல்லியிருக்கலாம்.

அண்ணி பாத்திரங்களை இறக்கிக்கொண்டே அண்ணனைத் திட்டினாள். "நல்லா ஏரிக்காத்து வாங்கினீங்க இல்ல, இப்ப வாடகைக்கு ஊடு தேடுங்க."

அவன் சிரித்தான். என் பக்கம் திரும்பி, "நீ படிச்சவன்டா. நல்ல ஊடா பாரு," என்றான்.

சரி என்றேன்.